மாமாவின் புதுப் போனுக்கு வந்து சேராத மணி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு என் தாய்மாமா அவர்கள், ஆறு வருடம் உழைத்துத் தேய்ந்த தமது பழைய போனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, புதிய ஸ்மார்ட்போன் ஒன்றைப் பதவியில் அமர்த்தினார். விழாவில் உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ இல்லை.

மேற்கண்ட வரிகளைப் படித்த காவல் நிலைய எழுத்தர், "தம்பி, இது கல்யாணப் பத்திரிகை இல்ல. வயசு, அட்ரஸ்ல இருந்து ஆரம்பி" என்றார். கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். வாக்குமூலத் தாளைக் கிழிக்கக் கூடாது, அப்படியே தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனவே தொடர்கிறேன்.

என் பெயரையும் முகவரியையும் மேலே அச்சடித்த கட்டங்களில் அம்மா நிரப்பியிருக்கிறார். வயது பதினைந்து வருடம் நான்கு மாதம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். தெருவில் என்னை அலப்பறை என்று கூப்பிடுவார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வயது குறைவு என்பதால் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என்னை யாரும் இழுத்து வரவில்லை. இன்று சனிக்கிழமை காலை நானாகத்தான் அம்மாவிடம் சொல்லிக் கிளம்பினேன்.

மேற்படி மாமா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக ஒரே கம்பெனி. புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு பல் டாக்டர் தனியாக மாட்டிக்கொண்டார். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாமாவை ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார்கள், மாமா எடுக்கவில்லை. வேறொரு மெக்கானிக் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது மணி ஒன்று. டாக்டருக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு உண்டு, மயங்கிக் கிடந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். மாமா வேண்டுமென்றே போனை எடுக்கவில்லை என்று டாக்டரின் மனைவி புகார் கொடுத்திருக்கிறார். கம்பெனி மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. அவருடைய லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லப் போவதாகக் கடிதமும் வந்துவிட்டது. மணி கேட்கவே இல்லை என்கிறார் மாமா. போனில் ஒன்பது தவறிய அழைப்புகள் சிவப்பு சிவப்பாக நிற்கின்றன. ஆகவே மாமா பொய் சொல்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே வந்தேன்.

மாமா வேலை செய்யும் முறையை முதலில் சொல்ல வேண்டும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்பவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. குனிந்தால் குழிக்குள் போய்விடும். எனவே மாமா தரைத்தளத்தில் தடுப்பு வைத்து, கதவை ஒரு சாண் திறந்து கட்டை கொடுத்து, அந்த இடுக்கின் ஓரமாகத் தம் டூல் பையை வைத்து, அதன் மேல் போனை முழுச் சத்தத்தில் படுக்கப் போட்டுவிட்டு மேலே போவார். சத்தம் குழி வழியாக ஏறி வரும். போனை எடுக்க வேண்டுமென்றால் வேலையை நிறுத்தி, கூண்டை இறக்கி, கிரீஸ் துடைத்து, வெளியே வர வேண்டும். அதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால் கூப்பிடுவது யார் என்று மணியை வைத்தே தெரிந்துகொள்வார். "எல்லாரும் போனைக் கண்ணால பாக்குறாங்க, நான் காதால பாக்குறேன்டா" என்பார்.

மொத்தம் பதினான்கு மணிகள். அத்தை கூப்பிட்டால் அத்தையின் குரலிலேயே "ஏங்க, எடுங்க" என்று வரும். மேனேஜருக்குக் குக்கர் விசில். மூன்றாவது விசிலுக்குத்தான் மாமா இறங்குவார். தெரியாத எண்களுக்குக் கொசு ரீங்காரம், இறங்கவே மாட்டார். எனக்குக் கழுதை. அந்தக் கழுதைக்குக் குரல் கொடுத்தவனும் நானே, அதில் எனக்குப் பெருமை உண்டு. கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் விளையாட்டு கிடையாது. அசல் லிஃப்ட் அபாயமணி. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு கூண்டுக்குள் நின்று மாமாவே பதிந்தது, ஒவ்வொரு போனாக மாறி வந்தது. ஒரு முறை அவர் குளிக்கும்போது அந்த மணியை அடித்துப் பார்த்தேன். தலையில் நுரையும் ஒற்றைக் காலில் செருப்புமாக வாசல் வரை வந்துவிட்டார். அதன் பிறகு அந்த விளையாட்டு தடை செய்யப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா இரண்டு போன்களையும் என் முன்னால் வைத்தார். பாட்டு, மணி எல்லாவற்றையும் மாற்றித் தர கடையிலேயே ஆள் இருப்பதாகச் சொன்னார். கடைக்காரனிடம் போவதா, நான் இருக்கும்போதா என்று தடுத்தேன். பத்தே நிமிடம், பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவேன் என்றேன். அதற்கு மாமா சொன்னது: "பாட்டு வரலேன்னா பரவால்லடா. மணி பதினாலும் வரணும். அதுலயும் கன்ட்ரோல் ரூம் மணி." சரி என்று தலையாட்டினேன்.

முதலில் கேபிள் வழியாக முயன்றேன். பழைய போனின் துளை ஆடிப்போயிருந்தது. கேபிளை இடது பக்கமாக வளைத்து, கீழே ரப்பரை முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கணினி அதைக் கண்டுகொள்ளும். மூச்சு விட்டால் சாதனம் அறியப்படவில்லை என்று சொல்லும். நாற்பது நிமிடத்தில் மூன்று பாட்டு வந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பாட்டு. கணக்கில் நான் சுமார் என்றாலும், இந்த வேகத்தில் போனால் நான் மாமா ஆகிவிடுவேன் என்பது மட்டும் புரிந்தது.

அதன் பிறகு நினைவக அட்டையைக் கழற்றிப் புதுப் போனில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். புதுப் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் அட்டைக்கு இடமே இல்லை. கடைக்குப் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர், "இப்பல்லாம் ஓட்டை வைக்கிறதில்ல தம்பி" என்றார், போன் பேரம் பேசிய இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி. நான் போனில் ஓட்டை தேடும் ஆள் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது.

அதன் பிறகு கம்பியில்லாமல் மாற்றும் செயலியை இரண்டு போன்களிலும் இறக்கினேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றது. அறுபத்தொரு சதவீதம் வந்தபோது, எங்களுக்கு மேல் மாடியில் மாமாவோடு குடியிருக்கும் அத்தை பழைய போனுக்குக் கூப்பிட்டு, "முடிஞ்சுதாடா?" என்று கேட்டார். அழைப்பு வந்ததும் மாற்றம் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அறுபதுக்கு மேல் போனதும் "ஏங்க, எடுங்க". கூப்பிட்டால் அறுந்துவிடும் என்று மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சரிடா, இனிமேல் கூப்பிடவில்லை என்றார். மூன்றாம் முறை அறுபத்தொன்றில் கூப்பிட்டு, "இப்ப கூப்பிடலாமா?" என்று கேட்டார். செயலியில் பரிமாற்றம் என்று எழுதியிருந்தார்கள், எனக்கு வாய்த்தது ஏமாற்றம். போனில் அழைப்பு மணி, எனக்கு அலைப்பு மணி. எழுத்தர் இந்த இடத்தில் சம்பவத்தை மட்டும் எழுதச் சொல்கிறார். இதுதான் சம்பவம்.

அதன் பிறகு எனக்கு ஒரு யுக்தி தோன்றி, பழைய போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் உயிரோடு வைத்தேன். யாரும் கூப்பிட முடியாது. முழுதும் வந்து சேர்ந்தது. ஆனால் பாதிப் பாட்டுகள் பெயரைத் தொலைத்துவிட்டு வந்தன. ட்ராக் 01 என்ற பெயரில் மட்டும் நாற்பத்தேழு பேர். மணிகளோ இசைக் கோப்புறைக்குள் பாட்டோடு பாட்டாகக் கலந்துவிட்டன. மாமா பாட்டுப் போட்டால் சோகப் பாட்டு முடிந்து குக்கர் விசில் வரும், அடுத்துக் கழுதை வரும். அவற்றைப் பொறுக்கி ரிங்டோன் கோப்புறைக்கு மாற்றினால், யாருக்கு எது என்ற தொடர்பு வரவில்லை. ஒவ்வொருவர் பெயரையும் திறந்து தனித்தனியாக வைக்க வேண்டும். வைக்கப் போனால், எண்கள் சிம்மில் இருப்பதால் தனி மணி வைக்க முடியாது என்றது. எண்களை எல்லாம் போனுக்கு மாற்றினால், எல்லோரும் இரண்டு இரண்டாக வந்து நின்றார்கள். இரண்டு மேனேஜர் இருக்கும் போனை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி வாழ்வது? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தும் அதே வேலை. அன்று மாமாவுக்குக் கம்பெனிப் பட்டறையில்தான் வேலை, போன்களை என்னிடமே விட்டுப் போயிருந்தார். இவை எல்லாவற்றையும் செய்தது நான் ஒருவனே.

அதன் பிறகு பார்த்தால் பதின்மூன்று மணிகள்தான் இருந்தன. கட்டுப்பாட்டு அறையின் அபாயமணி இல்லை. பழைய காலத்துப் பதிவு என்பதால் புதுப் போன் அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அனுப்பும்போது பழைய போனிலும் இல்லாமல் போய்விட்டது. எழுத்தர் இந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அதன் பிறகு, மணி என்றால் மணிதானே என்று நினைத்து, என் தங்கையின் சைக்கிளை நடைபாதைக்குத் தள்ளி வந்து, அதன் மணியை விடாமல் அடித்துப் பதிந்து, கட்டுப்பாட்டு அறையின் எண்ணுக்கு வைத்தேன். எங்கள் கட்டடம் இரண்டே மாடி, அசல் அபாயமணியைப் பதிய இங்கே லிஃப்ட் கிடையாது. பிறகு நல்லதாகத் தேடி மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மாமா வேலை முடிந்து வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மணியாகப் போடச் சொன்னார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இது அத்தை, இது மேனேஜர், இது நீ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்காவது வந்தபோது, எதிர்வீட்டுக்கு விருந்தாக வந்த குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்திருக்கிறார்கள், அபாயமணியை இங்கே அடித்தால் வீடு இரண்டாகிவிடும், அது பத்திரமாக இருக்கிறது என்றேன்.

"வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு மாமா."

"சரிடா. உன்னை நம்பித்தான் நாளைக்கு மேல ஏறுறேன்" என்று தோளில் தட்டினார். கை ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. புதன்கிழமை மாமா ஒரு குடியிருப்புக் கட்டடத்தில், நான்காவது மாடி உயரத்தில், கூண்டின் மேல் நின்று கூண்டு ஓடும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் தரைத்தள லிஃப்ட் வாசலுக்கு நேர் எதிரே சைக்கிள் நிறுத்துமிடம். நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று மாலை கம்பெனி ஆட்கள் போனையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிய பிறகு, மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "சத்தியமா மணி அடிக்கலக்கா. கீழ எவனோ ஒருத்தன் சைக்கிள் மணியைத்தான் விடாம அடிச்சிட்டு இருந்தான். நான்கூட மேல இருந்து கத்துனேன், ஊரே வழி விட்டாச்சு, போய்த் தொலைடான்னு."

அம்மா சிரிக்கவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். நான் தட்டுக் கழுவியதை அன்றுதான் அம்மா முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

வியாழக்கிழமை மாமா வேலைக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, சீருடையை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் வீடு திரும்புவதற்கு முன், அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வந்து அத்தையிடம், ஒருவேளை எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டதோ, ஒன்பது தடவை அடித்தும் கேட்காமல் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். காதை ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்படித்தான் என்றால் தாமே வேலையை எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இது மாடியிலிருந்து எங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டது. அதன் பிறகுதான் நான் இங்கே வருவதென்று முடிவு செய்தேன்.

இதுவரை எழுதியதைக் காட்டியதும் விசாரணை அதிகாரி, கம்பெனி ஒப்படைத்திருந்த மாமாவின் போனை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, அதை உயிர்ப்பித்து, கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி அந்த எண்ணுக்கு ஒரு முறை கூப்பிடச் சொன்னார். கிணிங் கிணிங் என்று அடித்தது. வாசலில் நின்ற காவலர் திரும்பிப் பார்க்காமலே ஒரு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அதிகாரி அவரைப் பார்த்தார். மறுபடி ஒரு முறை அடிக்கச் சொன்னார். காவலர் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

ஆக, மாமா சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டேன், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "கேக்கலைங்கிறது நிரூபணம் ஆச்சு. ஆனா போன் முழுங்கிடுச்சுன்னு எழுதியிருக்கியே தம்பி. புதுப் போன் வாங்குனவரு முக்கியமான மணி வந்துச்சான்னு பாக்காமலே வேலைக்குப் போனாருன்னுதான கம்பெனி சொல்லும்? போன் தப்புன்னா அதை வச்சிருக்கவரு பொறுப்பு. வேலை போனது போனதுதான்" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு விதிப்படி எழுத்தர் முதலிலிருந்து படித்துக் காட்டினார். படித்துக் காட்டியதை எல்லாம் சரியென்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் யுக்தி வந்த இடத்தில் ஒரு முறையும், போன் ஏப்பம் விட்ட இடத்தில் ஒரு முறையும் நிறுத்தச் சொன்னேன். எழுதியதை அடிக்கக் கூடாது, கீழே திருத்தம் என்று எழுது என்றார். எழுதுகிறேன்.

திருத்தம். புதுப் போன் எதையும் விழுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, பத்து நிமிடத்தில் போன் மாற்றுவது எப்படி என்று நானே பேசி நடிக்கும் வீடியோ ஒன்றை எடுத்தேன், வகுப்பில் காட்டுவதற்காக. புதுப் போனைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டியிருந்ததால் பழைய போனில் எடுத்தேன். நடுவில் இடம் போதவில்லை என்று நின்றது. ஒலிப்பதிவுகளில் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு இருந்தவற்றை, என்னவென்று கேட்டுப் பார்க்காமலே அழித்தேன். அபாயமணி அதில் ஒன்று. வீடியோ முழுதாக வந்தது. பத்தொன்பது நிமிடம் ஓடுகிறது, அதில் ஒரு பாட்டுகூட மாறவில்லை.

மேலும், மாற்றியது நான் ஒருவனே என்பதும் சரியில்லை. மூன்றாம் முறை அறுபத்தொன்றில் அறுந்தபோது இரண்டு போன்களையும் கட்டிலில் எறிந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் தங்கை, வயது ஒன்பது, விமானப் பயன்முறையில் போட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தாள். சிம் எண்களைப் போனுக்குக் கொண்டுவந்ததும், இரட்டையாக நின்றவர்களை ஒற்றையாக்கியதும், பழைய போனைப் பார்த்து யாருக்கு என்ன மணி என்று தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்ததும் அவள்தான். அவள் நோட்டில் பதினான்காவது வரியில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். இங்க ஒண்ணு இல்லண்ணா, மாமாகிட்ட சொல்லிடலாம் என்று இரண்டு முறை சொன்னாள். என் கலர் பேனா செட்டைக் கொடுத்து அவள் வாயை அடைத்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்தவை, ஒரு மணியை அழித்ததும் அதன் இடத்தில் சைக்கிள் மணியை வைத்ததும் மட்டுமே.

மேலும், எதிர்வீட்டுக்குக் குழந்தை எதுவும் வரவில்லை. மாமா மணியைச் சரிபார்க்காமல் வேலைக்குப் போகவில்லை. சரிபார்க்கத்தான் உட்கார்ந்தார், வந்துவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்டார், இல்லை என்று தெரிந்தே நான் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் காதில் எந்தக் கோளாறும் இல்லை. இதைக் கம்பெனிக்கும் டாக்டரின் மனைவிக்கும் அப்படியே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி படித்துவிட்டு, இது போதும், கம்பெனிக்கு இன்றே எழுதுகிறேன் என்றார். மாமா விசாரணைக்காகப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லப்பட்டவர், வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டப் போகிறார்கள். அந்த நேரத்தில் நான் இந்த அறையில் இருந்தாக வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம், நீயே படி என்று தாள்களை என் கையில் கொடுத்துவிட்டார்.

திருத்தத்துக்கு முன் எழுதியதில் பெரும்பகுதியும், பின் எழுதியதில் ஒவ்வொரு எழுத்தும் நடந்தது நடந்தபடியே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் கையால் எழுதி, கேட்டுப் பார்த்து, கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)

உடனிருந்தவர்: தாயார் (கையெழுத்து)